உள்ளே வைத்த வாட்டம்

குண்டானைத் தூக்கும்போது லீலா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பாரம் ஒன்றும் பெரிதில்லை. கால் குடம் தண்ணீர் பிடிக்கிற அலுமினியக் குண்டான்தான். ஆனால் குண்டானுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இடம். கட்டிலில் புருஷன் பரசுராமன் தூங்குகிறான். வளையல் குண்டானில் இடித்தால் புரண்டு படுப்பான். புரண்டால் விழித்துக்கொள்வான். விழித்துக்கொண்டால் அவ்வளவுதான், அன்றைக்கு மறுபடி தூக்கம் வராது. அதனால் காலையில் அவன் வந்து படுத்ததுமே அவள் வளையல்களைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவாள். வெறுங்கையாக இருக்கக் கூடாதென்று கைக்கொரு மஞ்சள் கயிறு.

அவன் தலைமாட்டில், ஜன்னலை உடைத்துப் பொருத்திய ஏ.சி. பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். அதன் முன்பக்கக் கீழ் விளிம்பிலிருந்துதான் தண்ணீர் கசியும். முதல் இரண்டு நாள் சொட்டுச் சொட்டென்று குண்டானில் விழுந்த சத்தமே அவனை எழுப்பிவிட்டது. மூன்றாம் நாள் லீலா பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி விளிம்பில் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் திரியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குண்டான். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை நாலு குண்டான். அதைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவாள். மாடு முதலில் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பிறகு அதுவும் பழகிவிட்டது.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷத்துப் பங்குனி. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிழக்கே இரண்டு மைலில் இருந்த அந்தத் தெருவில், விளக்குப் போட்ட வீடுகளே பாதிதான். ஏ.சி. வைத்த வீடு இது ஒன்றுதான். தெருவில் கேலிக்குக் குறைவில்லை. கைப்பம்பில் வரிசையில் நிற்கும்போது, "உங்க வூட்ல கம்பளி போத்திக்கினுதான் சோறு துன்றீங்களாமே" என்று கேட்பார்கள். லீலா சிரித்துவிட்டுக் குடத்தை நகர்த்துவாள். காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு வாய் வராது.

காரணம் திருமலையின் விரல்கள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் தகடு அடிக்கிற கம்பெனியில், பரசுராமனுக்குப் பக்கத்து பிரஸ்ஸில் வேலை செய்தவன் திருமலை. மாசி மாதம் ஒரு விடியற்காலை, ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கையில், நின்றபடியே ஒரு நொடி கண்ணயர்ந்தான். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. மாதத்தில் இருபது நாள் பரசுராமனுக்கும் நைட் ஷிப்ட்தான். வீட்டிலோ, ஆசையாகத் தளம் போட்டுக் கட்டிய புது அறை பத்து மணிக்கே அடுப்பாகிவிடும். வெளியே வேப்பமரத்தடியில் படுத்தால் ஈ, எறும்பு, வருகிறவன் போகிறவனெல்லாம் குசலம் விசாரிப்பான். நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கி அவனுக்கு மாதக்கணக்காயிற்று. லீலாவுக்கு அவன் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. அடுப்பில் கூழ் கிண்டும்போது பிரஸ் இறங்குகிற மாதிரி நினைவு வந்து கையை உதறிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் ரூமுக்குப் புது ஏ.சி. வந்தது. பழையதைச் சீட்டுப் போட்டுத் தொழிலாளிக்கே கொடுத்தார்கள். சீட்டு பரசுராமன் பேருக்கு விழுந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அம்மனைக் கொண்டுவருவதுபோல அதைக் கொண்டுவந்தான்.

பெட்டி வைக்க அந்த அறையில் ஒரே ஒரு சுவர்தான் வெளிச்சுவர், தெற்குச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு அடி விட்டு, அவன் சித்தப்பா கோதண்டத்தின் வாசல்; பெட்டியின் பின்பக்கம் அந்த ஒரு அடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிலைப் போட்டால் ஒரு முழம் மிச்சமிருக்கிற அறை அது. கால்மாட்டையாவது தண்ணீர்ப் பக்கம் வைப்போம் என்று திருப்பிப் படுத்தால் தலை வடக்கே போகும். அது ஆகாது.

ஏ.சி. பெட்டி இருக்கிறதே, அதன் பின்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து, வாட்டம் வெளியே பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் ஊறுகிற தண்ணீர் வெளியே விழும். கம்பெனியில் அது அப்படித்தான் இருந்தது. பரசுராமனும் பார்த்துத்தான் இருந்தான். ஆனாலும் கொத்தனாரிடம், வாட்டம் உள்பக்கம் இருக்கட்டும் என்று சொன்னான். கொத்தனார் உள்ளூர்க்காரர். ஏனென்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் பஞ்சாயத்து தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், லீலா இந்த வீட்டுக்கு வாக்கப்படுவதற்கு முன்னால் நடந்தது. அப்போது இது ஓட்டு வீடு. ஓட்டுத் தண்ணீர் கோதண்டத்தின் வாசலில் விழும். ஒரு ஐப்பசி மழையில் அவர் அடுக்கி வைத்திருந்த வேர்க்கடலை மூட்டைகள் நனைந்து, மூட்டைக்குள்ளேயே கடலை முளை விட்டுவிட்டது. அண்ணன் தம்பிக்குள் வார்த்தை தடித்துப் பஞ்சாயத்து கூடிற்று. ஒரு அடி விட்டுக் கட்டவேண்டும், அவனவன் வீட்டுத் தண்ணீர் அவனவன் மண்ணில் விழவேண்டும் என்று தீர்ப்பானது. அதோடு விட்டிருக்கலாம். பரசுராமனின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "இனிமே என் வூட்டுத் தண்ணி உன் மண்ணுல ஒரு சொட்டு வுழுந்தா நான் உனக்கு அண்ணன் இல்ல" என்று சபையில் சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். கோதண்டம் வந்தார், பாடையைத் தூக்கினார், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போனார். பரசுராமன் கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. லீலா வந்து இரண்டு வருஷமாகிறது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமலும் மாட்டை அதட்டுகிற சத்தமும் கேட்டிருக்கிறாளே தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

தண்ணீர் வந்து பத்து நாளானதும் பரசுராமன் கம்பெனி எலக்ட்ரீஷியன் மண்ணாங்கட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தான். முன்னால் பிறந்த மூன்று பிள்ளையும் தங்காததால் அம்மா வைத்த பேர் அது. அவர் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். சைக்கிளைச் சாத்திவிட்டு அறைக்குள் போனவர், பெட்டியைப் பார்த்தார், திரியைப் பார்த்தார், குண்டானைப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"யாருப்பா இத்த மாட்டினது? மாப்ள வூட்டுக்கு வந்த மாதிரி உள்ளார குனிஞ்சிக்கினு கீது."

பரசுராமன் பஞ்சாயத்துக் கதையைச் சொன்னான். மண்ணாங்கட்டி கேட்டுவிட்டு, அப்படியானால் ரப்பர் டியூப் போட்டு இந்தப் பக்கமே வளைத்துக் கொண்டுவந்துவிடலாமே என்று பின்பக்கம் போய் எட்டிப்பார்த்தார். வாட்டம் உள்ளே இருக்கிறவரை பின்பக்கம் தண்ணீரே வராது, எதில் டியூப் மாட்டுவது? வாட்டத்தை மாற்றினால் டியூப் சுவர் முழுக்கப் போய் மூலை திரும்பவேண்டும், எங்காவது ஓர் இடத்தில் கசியத்தான் செய்யும்.

"கசிஞ்சா இன்னா, ரெண்டு சொட்டுதான."

"எங்க நைனா சபையில சொன்னதே ஒரு சொட்டுதாண்ணா," என்றான் பரசுராமன்.

மண்ணாங்கட்டி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லீலா கொடுத்த கேழ்வரகுக் கூழையும் மோர் மிளகாயையும் வாங்கிக்கொண்டார். போகும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டிலுக்கடியில் இருக்கிற ஸ்டெபிலைசரில் மட்டும் தண்ணீர் படக் கூடாது, பட்டால் மெஷினும் போகும் ஆளும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து லீலா அந்த இரும்புப் பெட்டியை ஒரு செங்கல்மேல் தூக்கி வைத்தாள்.

இரண்டு மணி நேரத்துக்கொரு முறை என்றால் கேட்கச் சுலபமாக இருக்கும். கைப்பம்பில் தண்ணீர் அடிக்கப் போனால் பங்குனியில் ஒரு குடத்துக்கு ஐந்நூறு அடி அடிக்கவேண்டும், அதற்கு முன்னால் வரிசை வேறு. மாட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரை வரை போகவேண்டும். இதற்கு நடுவில் ஓடிவந்து குண்டானை மாற்றவேண்டும். ஒரு வேலையும் முழுசாக முடியாது. ஆனால் சாயங்காலம் அவன் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வருகையில் கண் வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்குப் போதும்.

ஒரு புதன்கிழமை கைப்பம்பில் வாஷர் போய்விட்டது. ஒருவர் ஓடிப்போய்ப் பழைய செருப்பிலிருந்து தோல் வெட்டிக் கொண்டுவந்து போடும்வரை எல்லாரும் நின்றார்கள். குடத்தை விட்டுவிட்டு வந்தால் முறை போய்விடும். நின்றாள். திரும்பி வருகையில் வாசலிலேயே பரசுராமன் உட்கார்ந்திருந்தான். உள்ளே பெட்டியின் சத்தம் இல்லை. குண்டான் வழிந்து, தரையெல்லாம் ஓடி, செங்கல் ஊறி, ஸ்டெபிலைசரிலிருந்து புகை வந்திருக்கிறது. அவன்தான் எழுந்து பிளக்கைப் பிடுங்கினான். தலையணை பாதி ஈரம். மணி பன்னிரண்டரைதான் ஆகியிருந்தது. திட்டுவான் என்று நின்றாள். அவன் திட்டவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நீ இன்னா பண்ணுவ" என்றான். அன்று முழுக்க விசிறியை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சிவந்த கண்ணோடு ஷிப்டுக்குப் போனான்.

மறுநாள் காலை வந்தவன் கூழைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். மூன்று மணிக்கு மேல் தகடு இரண்டிரண்டாகத் தெரிந்ததாம். எதை எடுத்தோம் எதை வைத்தோம் என்று தெரியவில்லையாம். கை உள்ளே இருக்கும்போது கால் பெடலை மிதிக்கப் போயிருக்கிறது. பக்கத்து மெஷின்காரன் முதுகில் ஒரு போடு போட்டானாம்.

"முதுகு இன்னும் வலிக்குது," என்று சொல்லிச் சிரித்தான். லீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டெபிலைசர் காய இரண்டு நாளாகும் என்று மண்ணாங்கட்டி சொல்லி அனுப்பியிருந்தார். காய்ந்தாலும் இதே குண்டான், இதே திரி.

அவன் மரத்தடியில் படுத்ததும், அவள் சாணி தட்டலாமென்று தெற்குப் பக்க வேலியோரம் போனாள். அந்தப் பக்கம் கோதண்டத்தின் சம்சாரம் கங்கம்மாள் கயிற்றுக் கட்டிலைப் பெட்டியின் பின்புறத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். கட்டில்மேல் ஈரத் துணியில் கூழ் வத்தல்.

"ஏம்மா," என்றாள் கங்கம்மாள், யாரையோ கூப்பிடுவதுபோல ஆகாயத்தைப் பார்த்து. "இன்னா நேத்திலேர்ந்து மெஷின் ஓடல?"

லீலா சாணிக் கையோடு திரும்பினாள். பெட்டியின் அனல் இவர்கள் வாசலில் வீசுகிறதென்று சண்டைக்கு வருவார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். "ரிப்பேருங்க அத்தை," என்றாள்.

"அதான பாத்தேன். வெயில் மேக்கால சாஞ்சப்புறம் எனக்கு அந்தக் காத்துதான். ஒரே நாள்ல கலகலன்னு காஞ்சிடும். நேத்து போட்டது இன்னும் சதசதன்னு கீது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க மாமாவுக்குத் தெரியாது. சொல்லிக்கினு திரியாத."

அந்த ஒரு வார்த்தையில் லீலாவுக்கு எதுவோ தளர்ந்தது. இரண்டு வருஷமாகப் பேசாத வாய் மடையைத் திறந்ததுபோலப் பேசிற்று. திருமலையின் விரல், மேனேஜரின் பெட்டி, உள்பக்க வாட்டம், குண்டான், செருப்புத் தோல், விடியற்காலை மூன்று மணி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, மாட்டுக் கொட்டகைக்குள் புல் போட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதை அவள் கவனிக்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கோதண்டம் தோளில் துண்டோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"மெஷின காட்டு," என்றார்.

அண்ணன் சாவுக்கு அப்புறம் மிதிக்காத வாசலை மிதித்து வந்தார். மரத்தடியில் படுத்திருந்த பரசுராமன் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பின்னாலேயே வந்தான். கோதண்டம் குனிந்து பார்த்தார். உள்ளங்கையைப் பெட்டியின் அடியில் வைத்து, வரப்புக்கு மட்டம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எந்த மடையன் உள்ளார வாட்டம் வெச்சது?"

லீலாதான் சொன்னாள். "உங்களுக்குப் பயந்துகினுதான் மாமா."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் முதலில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. உடனே அது அவிந்தது.

"எனக்கா? நான் இன்னா புலியா?"

"சித்தப்பா, நைனா சபையில சொன்னது..." என்று பரசுராமன் ஆரம்பித்தான்.

கோதண்டம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். குண்டானைக் காலால் ஓரமாக நகர்த்தினார்.

"ஒரு சொட்டு வுழுந்தா எனக்கு அண்ணன் இல்லன்னான். நீங்களும் ஒரு சொட்டு வுழாமத்தான் பாத்துக்கினீங்க. அப்பவும் எனக்கு அண்ணன் இல்லாமத்தான் போச்சு." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி வரும்?"

"ஒரு கொடம் மாமா," என்றாள் லீலா.

"ஒரு கொடமா? இந்தப் பங்குனியில? அத்தப் போயி உள்ளார வுட்டுக்கினு புள்ளய எழுப்பிக்கினு கீறீங்க." எழுந்தார். "வெளிய தள்ளுங்கடா. எங்கிட்ட வாழக்கன்னு காயுது."

ஞாயிற்றுக்கிழமை மண்ணாங்கட்டி வந்தார். கொத்தனார் சட்டத்தை இளக்கிக் கொடுக்க, பின்பக்கம் இரண்டு விரல் தாழ்த்திப் பெட்டியை உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து தாங்கிப் பிடித்தது கோதண்டம்தான். தாங்கிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் சாயட்டும், மடை நல்லா இறங்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதிகம் சாய்த்தால் சத்தம் வரும் என்று மண்ணாங்கட்டி சொன்னதை அவர் நம்பவில்லை. தண்ணீருக்கு வாட்டம் வைக்க எனக்கு நீ சொல்லித் தருகிறாயா என்பதுபோலப் பார்த்தார். பிறகு மம்மட்டியை எடுத்து, பெட்டிக்கு நேர் கீழே தொடங்கி வாழைக்கன்று வரை ஒரு விரற்கடை ஆழத்துக்குச் சின்ன வாய்க்கால் இழுத்தார். ஒரு குடம் தண்ணீருக்கு அவ்வளவு நேர்த்தி தேவையில்லை. ஆனாலும் இரண்டு கரையையும் மம்மட்டியின் முதுகால் தட்டி வழித்துவிட்டார்.

மெஷினைப் போட்டார்கள். எல்லாரும் பின்பக்கம் வந்து நின்றார்கள். கால் மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. வேலை கெட்டதோ என்று பரசுராமன் முகம் போயிற்று. பிறகு பின் விளிம்பில் ஒரு முத்துக் கட்டி, நின்று, யோசித்து, விழுந்தது. காய்ந்த மண் அதை உறிஞ்சிக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. எட்டு பத்துச் சொட்டு விழுந்தபின்தான் வாய்க்காலில் ஒரு கறுப்புக் கோடு நகரத் தொடங்கிற்று. இத்தனை பெரியவர்கள் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதை அந்தப் பக்கமாக வந்த ஆட்டுக்காரி ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

பகல் சாப்பாடு கங்கம்மாள் வீட்டில். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பொரித்த வத்தல். கல்யாணத்துக்குக் கூப்பிடாததைக் கங்கம்மாள் அப்போதுதான் எடுத்தாள். லீலாவின் இலையில் இரண்டாம் முறை சோற்றைப் போட்டுக்கொண்டே, உன் கழுத்தில் தாலி ஏறினதை நான் பார்க்கவில்லை, நீ வத்தல் போடுகிறதையாவது பார்க்கிறேன், நாளைக்கு வா என்றாள். வத்தல் எங்கே காய்ந்தது என்று கோதண்டம் கேட்கவில்லை. மொறுமொறுப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

சாப்பிட்டதும் பரசுராமனும் சித்தப்பாவும் எழுந்தார்கள். கை கழுவும்போது அவர் செம்பிலிருந்து இவன் கையில் தண்ணீர் ஊற்றினார். இவன் வாங்கிக்கொண்டான்.

சித்திரை பிறந்து நாலாம் நாள். பரசுராமன் காலை ஒன்பதுக்குப் படுத்தவன், பதினொன்றரை ஆகியும் புரளவில்லை. குண்டான் இல்லாத தலைமாட்டில் லீலாவுக்கு வேலையில்லை. கையில் வளையலோடு கங்கம்மாளின் வாசலில் உட்கார்ந்து துணிமேல் கூழை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தெருமுனையில் அது கேட்டது. எலெக்‌ஷன் ஆட்டோ. மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, உங்கள் பொன்னான வாக்குகளை என்று உயிர் போகிற சத்தத்தில் அலறிக்கொண்டு வந்தது. லீலா கரண்டியோடு எழுந்தாள். கரை வேட்டிக்காரர்களிடம் போய் அவள் என்ன சொல்லமுடியும்?

அவளுக்கு முன்னால் கோதண்டம் தெருவில் இறங்கிவிட்டார். மாட்டுத் தும்புக் கயிறு கையில் அப்படியே இருக்க, நடுத்தெருவில் போய் நின்று துண்டைக் காட்டினார். ஆட்டோ நின்றது. மைக் மட்டும் நிற்கவில்லை.

"மைக்க அமத்து," என்றார்.

உள்ளே இருந்தவன் தலையை வெளியே நீட்டி, இன்னா பெரியவரே, எந்தக் கட்சி நீங்க என்று கேட்டான்.

"கட்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்கண்ணம்புள்ள தூங்கறான். நைட்டு மெஷின்ல கைய வுடணும் அவன்."

அவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். மைக் நின்றது. தெருவில் திடீரென்று காக்கை கத்துவது கேட்டது. பிறகு அவன் இறங்கி வந்து, நோட்டீஸை நீட்டி, காதோடு காதாகச் சொன்னான்.

"ஐயா, ஓட்டு நமக்குப் போட்ருங்க."

"போடறேன், போ. வண்டியக் கிளப்பாத, அதுவும் சத்தம்."

நாலு பேர் இறங்கி ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தெருக்கோடி திரும்பும்வரை கோதண்டம் நடுத்தெருவிலேயே நின்றிருந்தார். சுவருக்குள் மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.